கிட்டார் கை மாறியபோது

1967-இல் லண்டனில் பீட்டர் கிரீன் தொடங்கிய ஃபிளீட்வுட் மேக், அசல் புளூஸ் குழு. 1974 இறுதியில் அதன் டிரம்மர் மிக் ஃபிளீட்வுட், ஆல்பம் பதிய இடம் தேடி லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள சவுண்ட் சிட்டி ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தார். ஒலித்தரத்தைக் காட்ட ஒரு பாட்டைப் போட்டார்கள். அதிலிருந்த கிட்டார் அவரை விடவில்லை. வாசித்தவர் லிண்ட்சி பக்கிங்ஹாம்; குழுவில் சேர அழைத்தபோது, தன்னோடு பாடிவந்த ஸ்டீவி நிக்ஸையும் சேர்த்தால்தான் வருவேன் என்றார்.

பக்கிங்ஹாம் பிக் பிடிப்பதில்லை. கட்டைவிரல் தடித்த தந்திகளில் தாளத்தை ஓட்ட, மற்ற விரல்கள் மெட்டைப் பின்னும். குழுவில் ஏற்கெனவே இருந்த கிறிஸ்டின் மெக்வீயின் குரலோடு பக்கிங்ஹாம், நிக்ஸ் இருவர் குரலும் இழைந்தன. டிரம்மும் பேஸும் மட்டும் பழைய புளூஸ் கைகளே. புதிய பாப் இசைக்கு அழுத்தம் தந்தவை அவைதாம். 1975-இல் சவுண்ட் சிட்டியில் பதிந்த ஆல்பம் மறு ஆண்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.