பலமாறி நுண்கணிதம் (கல்லூரிப் பாடம்)

பலமாறி நுண்கணிதம் என்பது ஒன்றுக்கு மேற்பட்ட மாறிகளைக் கொண்ட சார்புகளின் வகையிடலையும் தொகையிடலையும் ஆராயும் கணிதப் பிரிவாகும். ஓர் அறையின் வெப்பநிலை இடத்தையும் நேரத்தையும் பொறுத்து மாறும். அதை ஒரே மாறியால் விவரிக்க இயலாது. ஆகவே பொறியியல் படிப்பின் முதலாண்டிலேயே இப்பாடம் தொடங்கிவிடுகிறது.

பாடத்திட்டத்தில் இடம்

பொத்தேரி தொடர்வண்டி நிலையத்தை அடுத்துள்ள எஸ்.ஆர்.எம். அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தின் 2018ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில், பி.டெக். முதல் பருவத்தில் பலமாறிச் சார்புகளும், இரண்டாம் பருவத்தில் மடித்தொகையீடுகளும் வெக்டர் நுண்கணிதமும் உள்ளன. தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் பாடநூலிலும் பகுதி வகைக்கெழுக்கள் உண்டு. தமிழ்வழியில் அதைப் படித்து வந்தவருக்குக் கல்லூரியில் புதிதாக இருப்பது ஆங்கிலச் சொல்லே. கருத்து அவர் முன்பே அறிந்ததுதான்.

பகுதி வகைக்கெழு

ஒரு மாறியை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறிலிகளாகக் கொண்டு வகையிடுவது பகுதி வகையிடல். 20 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் கொண்ட மனையின் பரப்பு 160 சதுர மீட்டர். நீளத்தைப் பொறுத்து அப்பரப்பின் மாறுவீதம் 8. அகலத்தைப் பொறுத்து 20. இரண்டையும் 0.1 மீட்டர் கூட்டினால், பரப்பு ஏறத்தாழ 0.8 + 2 = 2.8 கூடும். உண்மையான உயர்வு 2.81. விடுபட்ட 0.01 மூலையில் உள்ள சிறு சதுரமாகும்.

கடினமான இடங்கள்

எல்லை: ஒரு மாறியில் ஒரு புள்ளியை இடமிருந்தோ வலமிருந்தோ மட்டுமே நெருங்கலாம். தளத்தில் எண்ணற்ற பாதைகள் உள்ளன. இரு மாறிகளின் பெருக்கலை அவற்றின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்துக் கிடைக்கும் சார்பு, அச்சுகளின் வழியே ஆதிப்புள்ளியை நெருங்கும்போது 0. இரு மாறிகளும் சமமான கோட்டின் வழியே நெருங்கும்போது 1/2. எனவே அங்கு எல்லை இல்லை.

இரட்டைத் தொகையீடு: தொகையிடலை விட, எல்லைகளைச் சரியாக அமைப்பதிலேயே மாணவர்கள் அதிகம் தவறுகின்றனர். தொகையிடும் வரிசையை மாற்றும்போது எல்லைகளை வெறுமனே இடம் மாற்றி எழுதக் கூடாது. ஒரு முக்கோணத்தில் கிடைக்கோட்டுத் துண்டுகளாகப் பிரித்தால் ஓர் எல்லையும், செங்குத்துத் துண்டுகளாகப் பிரித்தால் வேறோர் எல்லையும் வரும். பகுதியின் படத்தை முதலில் வரைந்தால், இரண்டையும் படத்திலிருந்தே படித்தறியலாம்.