ஊர்தோறும் உலா வரும் கலைக்கூடம்

கோயிலிலே மூலவர் கருவறையை விட்டு அசைவதில்லை. அவரைக் காண விரும்புவோர் வாயில் கடந்து உட்செல்லுதல் வேண்டும். நடக்கவியலாத முதியோரும் நோயுற்றோரும் தத்தம் வீட்டுப் படலையில் நின்றபடியே கண்டு வணங்குமாறு வீதிக்கு எழுந்தருள்பவர் உற்சவ மூர்த்தி. கலைக்கும் இவ்விரு நிலைகள் உண்டு. அருங்காட்சியகத்திலே நிலைபெற்றிருக்கும் ஓவியமும் சிற்பமும் மூலவரைப் போல்வன. ஊர்விட்டு ஊர் சென்று, சென்ற ஊரின் பல மனைகளிலும் பரந்து நின்று காட்சி தரும் கலைவிழா உலாவை ஒப்பது. அத்தகைய விழா ஒன்றன் வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

மனிபெஸ்தா என்பது அதன் பெயர். ஐரோப்பாவில் ஈராண்டுக்கு ஒருமுறை நடைபெறும் இக்காலக் கலைக்காட்சி அது. வெனிஸ் நகரத்து ஈராண்டு விழா 1895 தொடக்கம் அந்நகரிலேயே நடந்துவருவது. மனிபெஸ்தாவுக்கோ நிலையான ஊர் இல்லை. பெர்லின் மதில் வீழ்ந்தபின், கிழக்கும் மேற்குமாய்ப் பிரிந்திருந்த ஐரோப்பா தன்னை மீண்டும் அறிந்துகொள்ள முற்பட்ட காலத்திலே இவ்விழா கருக்கொண்டது. 1996இல் றொட்டர்டாமில் முதன்முறை நிகழ்ந்து, 1998இல் லக்சம்பேர்க்குக்கும், 2000இல் லியூப்லியானாவுக்கும் சென்று, அன்றுதொட்டு ஊர் மாறி வருகின்றது.

உலா வருவதற்கு வீதி திறந்திருத்தல் வேண்டுமன்றோ? திறவாத வீதியையும் மனிபெஸ்தா கண்டதுண்டு. சைப்பிரஸ் தீவு 1974 முதல் இரண்டாகப் பிளவுண்டு கிடப்பது. தலைநகராகிய நிக்கோசியாவின் நடுவே எல்லைக்கோடு செல்கின்றது. தெற்கே கிரேக்க மொழியினர், வடக்கே துருக்கி மொழியினர். 2006இல் அங்கு விழாவை நடத்த வந்த அமைப்பாளர் மூவரும், வெறுங் காட்சியை விடுத்து, ஒரு கலைப்பள்ளியை நிறுவக் கருதினர். அப்பள்ளியின் ஒரு பகுதி வடக்கிலும் இயங்குதல் வேண்டும் என்பது அவர்தம் திட்டம். அதுவே பிணக்கிற்கு ஏதுவாயிற்று. தொடக்க நாளுக்குச் சில மாதங்களே எஞ்சியிருந்த வேளையில் விழா கைவிடப்பட்டது. படம் மாட்டுவதற்குச் சுவர் கிடைத்திருக்கும். இரு பகுதிப் பிள்ளைகளும் ஒருங்கு பயில்வதற்கு இடங் கிடைத்திலது.

பதினாறு ஆண்டுகள் கழிந்தபின், 2022இல், மனிபெஸ்தா கொசோவோவின் தலைநகராகிய பிரிஸ்தினாவை அடைந்தது. 1999இற் போர் ஓய்ந்து, 2008இல் தன்னைத் தனிநாடென அறிவித்துக்கொண்ட நாடு அது. யூலை முதல் ஒக்டோபர் வரை ஏறத்தாழ நூறு நாள், நகரின் 25 இடங்களில், நூற்றுக்கு மேற்பட்ட கலைஞரின் ஆக்கங்கள் வைக்கப்பட்டன. யூகோசிலாவியக் காலத்துக் ‘கிராண்ட் ஹோட்டல்’ என்னும் பெருங் கட்டடத்தின் மாடிகளும், பழைய செங்கற்சூளைத் தொழிற்சாலையும், கைவிடப்பட்ட புகையிரதப் பாதையும் கலைக்கு இடங்கொடுத்தன. அந்த ஹோட்டலின் உச்சியிலே ஒளிரும் விண்மீன்களை அமைத்தவர் பெத்ரித் ஹலிலாய். போர்க் காலத்தில் அகதி முகாமிலே சிறுவனாக இருந்து சித்திரம் வரைந்தவர் அவர்.

இவ்விடத்து ஓர் உண்மையை நோக்குதல் வேண்டும். அவ்வாண்டிலே கொசோவோ மக்கள் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குள் விசா இன்றிச் செல்ல இயலாது. அத்தடை நீங்கியது 2024 சனவரி முதலாந் தேதியிலேயே. பாரிசையும் பெர்லினையும் சென்று காண இயலாதிருந்த மாணாக்கர் தம் தெருக்கோடியிலேயே உலகக் கலைஞரின் ஆக்கங்களைக் கண்டனர். உற்சவ மூர்த்தி வீட்டுப் படலைக்கு வருதலின் பொருள் இதுவே.

ஆசிரியனாகிய என் உள்ளத்தைத் தொட்டது அவ்விருபத்தைந்தனுள் ஓர் இடம். ஹெர்த்திசா வீட்டுப் பள்ளி என்பது அதன் பெயர். 1990களிலே சேர்பிய அரசு தன் பாடத்திட்டத்தைத் திணித்தபோது, அதற்கு இணங்காத அல்பேனிய ஆசிரியர் வேலை இழந்தனர். மாணாக்கர் பள்ளி வாயிலுக்கு வெளியே நின்றனர். அக்காலத்திலே குடும்பத்தார் பலர் தம் வீடுகளைப் பள்ளிக்கென ஒழித்துக் கொடுத்தனர். தாய்மொழிக் கல்வி அவ்வீடுகளிலே அழியாது காக்கப்பட்டது. அத்தகைய வீடொன்றே கலைக்கூடமாயிற்று. அங்கு வைக்கப்பட்ட ஆக்கங்கள் எத்துணைச் சிறந்தனவாயினும், அவ்வீடுதானே முதற் காட்சிப்பொருள் என்பேன்.

பெரும் பொருள் செலவிட்டு வந்து போகும் விழாவினால் ஊருக்கு ஆவது என்னை, அயலார் கண்டு களித்துச் செல்லுதற்கு ஊரை மெழுகிக் கோலமிடுவதா என வினவுவோர் உளர். அவ்வினா நியாயமானதே. ஆடம்பரத்தோடு வந்து குப்பையை மட்டும் விட்டுச் செல்லும் விழாக்களை நாமும் அறிவோம். பிரிஸ்தினாவிலே பழைய நூலகக் கட்டடமொன்று திருத்தப்பட்டு, கதைகளையும் நினைவுகளையும் தொகுத்துப் பயிலும் நிலையமாக ஆக்கப்பட்டது. விழா முடிந்தபின்னும் அது நிலைத்தல் வேண்டும் என்பதே நோக்கம். புகையிரதப் பாதை மக்கள் நடமாடும் பசுமை வழியாக மாற்றப்பட்டது. 1981இல் நூலகம் எரியக் கண்ட ஊராருக்கு, ஒரு நூலகத்தின் கதவு மீண்டுந் திறத்தல் என்பது யாதென விரித்துரைத்தல் வேண்டா.

ஆதலின், உலா வரும் கலையை அளத்தற்குரிய கோல், வந்தார் தொகையன்று. பூட்டிக் கிடந்த கதவுகளுள் எத்தனையை அது திறந்தது, திறந்தவற்றுள் எத்தனை விழா முடிந்தபின்னும் திறந்திருக்கின்றன என்பதே கோல். நம் கல்லூரிகளிலே ஆண்டுதோறும் சித்திரக் கண்காட்சி வைக்கின்றோம். மண்டபத்துள் மூன்று நாள் வைத்துப் பின் சுருட்டிப் பரணில் ஏற்றுகின்றோம். அச்சித்திரங்கள் வாசிகசாலைக்கும், வைத்தியசாலைத் தாழ்வாரத்துக்கும், பிள்ளையின் பாட்டி அமர்ந்திருக்கும் திண்ணைக்கும் ஒருமுறையேனும் சென்று வரட்டும். தன் சித்திரத்தின் பொருளைப் பாட்டிக்குச் சொல்ல நேரும் பிள்ளை அன்று கற்பதை எந்தப் பரீட்சை மண்டபத்திலும் கற்றல் அரிது.