காருக்கு சார்ஜ்... உங்களுக்கு?

லீவு விட்டாச்சு. "இந்தத் தடவை ஊருக்கு நம்ம எலெக்ட்ரிக் காரிலேயே போயிடலாம்" என்று உங்கள் வீட்டிலும் பேச்சு அடிபடுகிறதா? தாராளமாகப் போங்கள். ஆனால், கிளம்புவதற்கு முன் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் இருந்தால் கட்டாயம் படியுங்கள்!

நல்ல விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார். அந்தக் கார் அவருக்குச் செல்லப் பிள்ளை!

பெட்ரோல் வாடை இல்லை, எஞ்சின் இரைச்சல் இல்லை. லீவு ஆரம்பிக்கிற நாளில் பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் உயிர் போய்விடுமே... அந்த நெரிசலில்கூட எஞ்சின் உறுமாமல் அமைதியாக நிற்கிறது. ஏ.சி. மட்டும் ஓட மணிக்கு ஒன்று, இரண்டு யூனிட் போகும், அவ்வளவுதான். பின் சீட்டில் அத்தை நிம்மதியாகக் கண் அசந்துவிடுவார்.

இன்னொரு லாபமும் உண்டு. எங்கள் காரின் பேட்டரி 30 யூனிட் பிடிக்கும். ஹைவேஸில் ஏ.சி. போட்டுக்கொண்டு போனால் 180, மிஞ்சிப் போனால் 200 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரை சுமார் 460 கிலோமீட்டர். ஆக, வழியில் மூன்று இடத்திலாவது நின்றே ஆகவேண்டும். பழைய டீசல் காரில் என்ன செய்வோம்? "இன்னும் கொஞ்ச தூரம்தான், திருச்சி போயிடுவோம்" என்று மிதித்துக்கொண்டே இருப்போம். நாலு மணி நேரத்துக்கு மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தே பயணம் செய்தால், கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்னது. விமானத்துக்கு மட்டுமல்ல... கார், பஸ், ரயில் எல்லாவற்றுக்கும்தான். ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கு அது ஆறாயிரத்தில் ஒருவருக்கு வருகிற அளவுதான், பயப்பட வேண்டாம். ஆனால் வயதானவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எலெக்ட்ரிக் கார் இவர்களை இரண்டரை மணிக்கு ஒரு தரம் இறக்கி நடக்க வைத்துவிடுகிறது.

இதெல்லாம் நாம் நினைத்த இடத்தில் சார்ஜர் வேலை செய்தால்!

அன்றைக்கு நடந்தது...

போன கோடையில் மதுரைக்குக் கிளம்பினோம். என் மாமனாருக்கு எழுபத்திரண்டு வயது. காலையும் ராத்திரியும் இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். காலை ஆறு மணிக்குத் தாம்பரத்திலிருந்து புறப்பாடு. விழுப்புரம் பக்கம் ஒரு ஹோட்டலில் சார்ஜர் இருக்கிறது. எட்டரைக்குக் காரைச் செருகிவிட்டு, டிபனை முடித்துவிடலாம் என்று திட்டம். டாக்டர் சொன்னபடி சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், அதாவது டாணென்று எட்டு மணிக்கு, ஓடுகிற காரிலேயே மாமா ஊசியைப் போட்டுக்கொண்டுவிட்டார். மிலிட்டரி ஒழுங்கு!

ஹோட்டலுக்குப் போனால் இரண்டு 'கன்'னில் ஒன்று வேலை செய்யவில்லை. இன்னொன்றில் ஒரு கார் ஏறிக்கொண்டிருக்கிறது, பின்னால் இரண்டு கார் காத்திருக்கிறது. ஒரு காருக்கு ஒரு மணி நேரம் என்றால் எங்கள் முறை எப்போது வர? என் வீட்டுக்காரர் போனைப் பார்த்தார். "முப்பது கிலோமீட்டர்ல ஒரு பெட்ரோல் பங்க்ல இன்னொண்ணு இருக்கு. அங்க போட்டுட்டு சாப்பிட்டுக்கலாம்" என்றார். நானும் தலையாட்டினேன். என் தப்பும்தான். டிபன் கடை வாசலில் நின்றுகொண்டு, மாமா ஊசி போட்டுக்கொண்டாரே என்று எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்!

பேட்டரி 28 சதவீதம். மிச்சம் பிடிக்க ஏ.சி.யை அணைத்தார், வேகத்தைக் குறைத்தார். பங்க்குக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பதேகால். புது ஆப் இறக்கி, ஓ.டி.பி.க்காகக் காத்திருந்து, பணம் கட்டி... அதில் ஒரு கால் மணி போனது. சாப்பாட்டுக் கடை எதுவும் அங்கே இல்லை.

மாமாவுக்குச் சட்டை நனைய வியர்த்திருந்தது. ஏ.சி. இல்லையே, அதனால்தான் என்று நினைத்தோம். "என்ன மாமா, ரொம்பப் புழுக்கமா இருக்கா?" என்றால், "பஸ் வந்துடுச்சாம்மா?" என்கிறார்! கை நடுங்குகிறது. ஓடிப்போய் டிக்கியிலிருந்த பையைக் குடைந்து மீட்டரை எடுத்துப் பார்த்தால் சர்க்கரை 54. எழுபதுக்குக் கீழே வந்தாலே தாழ்வுதான்.

கையில் இருந்தது கடலை மிட்டாய். அவரால் மெல்லவே முடியவில்லை. பங்க் ஊழியர் ஒரு தம்பி, தான் டீ போட வைத்திருந்த சர்க்கரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். கால் மணி கழித்து மறுபடி பார்த்தபோது 82. "ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்றார். அத்தை அழுதேவிட்டார்.

டாக்டர் திட்டியது

ஊர் திரும்பியதும் எங்கள் டாக்டரிடம் சொன்னபோது அவர் திட்டியதில் பாதி உங்களுக்கும் உபயோகப்படும். "பயணத்தில் சாப்பாட்டு இலை கண்ணுக்குத் தெரியாமல் ஊசியைத் தொடக் கூடாது. சார்ஜர் கிடைக்கிறதோ இல்லையோ, டிபன் நேரத்துக்கு டிபன். ரெண்டையும் ஒரே முடிச்சாப் போடாதீங்க" என்றார். எந்த இன்சுலினை எவ்வளவு முன்னால் போடலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். கிளம்புவதற்கு முன் உங்கள் டாக்டரையே கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரைகளிலும் சில இப்படித் தாழ்த்திவிடக் கூடியவை.

தாழ்ந்துவிட்டால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிஷம் கழித்து மீண்டும் டெஸ்ட் பண்ணிப் பாருங்கள். ஏறவில்லையென்றால் மறுபடி அதே அளவு. ஏறிய பிறகு இரண்டு இட்லியோ, பிஸ்கட்டோ. கடலை மிட்டாய், சாக்லேட் எல்லாம் இந்த நேரத்துக்கு ஆகாது. கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். உடனே 108.

இன்சுலினைக் காரிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். வெளியே 35 டிகிரி வெயில் என்றால், மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்துக்குள் 50-ஐத் தாண்டும். கைப்பையில் எடுத்துப் போங்கள். ஐஸ் பெட்டியில் வைத்தால் ஐஸோடு ஒட்டாமல் துணி சுற்றுங்கள், உறைந்துபோன மருந்து வீண். குழந்தையையோ, தூங்குகிற பெரியவரையோ காரில் விட்டுப் போகக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் சார்ஜர் அருகே போகலாமா என்று என் சிநேகிதி கேட்டாள். 2023-ல் ஜெர்மனி டாக்டர்கள் இதயக் கருவி பொருத்திய 130 பேரை வைத்து, அதிவேக சார்ஜரில் 561 தடவை சோதித்துப் பார்த்தார்கள். கருவிகளுக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. ஆனாலும் கேபிளை நெஞ்சோடு அணைத்துத் தூக்காதீர்கள். செருகியதும் தள்ளிப் போய்விடுங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. "டாய்லெட் எப்படி இருக்குமோ" என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் வருகிறீர்களே, அந்த வழக்கத்தை விடுங்கள். சிறுநீர்த் தொற்றுக்கு அதுவே வழி. சார்ஜர் தேடும்போது எத்தனை கிலோவாட் என்று மட்டும் பார்க்காமல், பக்கத்தில் சுத்தமான டாய்லெட் இருக்கிறதா என்று முதல் நாளே போன் போட்டுக் கேளுங்கள். கேட்பதில் என்ன வெட்கம்?

பின் சீட்டில் குழந்தை வாந்தி எடுக்கிறதா? ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கார் தானே பிரேக் பிடித்து முன்னால் தள்ளுகிறதே, அது ஒரு காரணமாக இருக்கலாம். அந்த வேகக் குறைப்பைக் குறைத்து வைக்கப் பல கார்களில் வசதி உண்டு.

மதுரையிலிருந்து திரும்பும்போது திட்டத்தை மாற்றினோம். பேட்டரி 40 சதவீதம் இருக்கும்போதே முதல் சார்ஜர், அது கிடைக்காவிட்டால் அடுத்ததற்குப் போக ஏ.சி.யோடே தெம்பு இருக்கும். 80 சதவீதம் வந்ததும் கழற்றிவிட்டோம். அதற்கு மேல் ஆமை வேகம்தான், பின்னால் நிற்பவருக்கும் அவசரம் இருக்கும். எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆனது. டீசல் காரைவிட மூன்று மணி அதிகம்தான். மீட்டரும் குளுக்கோஸ் டப்பாவும் இப்போது டிக்கியில் இல்லை, முன் சீட்டுக்கு எதிரே இருக்கிற பெட்டியில். மாமாவே வைத்துவிட்டு, மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்துக்கொண்டார்.