வீடு தேடி வரும் நோட்டரியும் வாடிக்கையாளரின் ரகசியமும்

அமெரிக்காவில் 'மொபைல் நோட்டரி' எனப்படுபவர், முத்திரையையும் பதிவேட்டையும் பையில் எடுத்துக்கொண்டு வாடிக்கையாளர் இருக்கும் இடத்துக்கே போய்க் கையெழுத்துக்குச் சான்றளிப்பவர். வீட்டுச் சாப்பாட்டு மேசை, மருத்துவமனைப் படுக்கை, முதியோர் இல்லம் என எங்கும் அவர் வேலை நடக்கும். அவரை நியமிப்பது மாநில அரசு. பெரும்பாலான மாநிலங்களில் வழக்கறிஞராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. பலர் தனியாளாக, வீட்டிலிருந்தே தொழில் நடத்துகிறார்கள். வங்கியின் பாதுகாப்பு அறையும் காவலாளியும் இவர்களுக்குக் கிடையாது. ஆனால் கைக்கு வருவதோ வங்கியின் தாள்கள்.

வீட்டுக்கடன் கட்டு ஒன்று நூறு பக்கங்களைத் தாண்டுவது சாதாரணம். அதிலுள்ள கடன் விண்ணப்பத்தில் கடன் வாங்குபவரின் சமூகப் பாதுகாப்பு எண், பிறந்த தேதி, சம்பளம், வங்கிக் கணக்குகள், ஏற்கெனவே உள்ள கடன்கள் எல்லாம் வரிசையாக இருக்கும். அந்தச் சில பக்கங்கள் போதும், அவர் பெயரில் வேறொருவர் கடன் அட்டை வாங்கிவிடலாம். வாடிக்கையாளர் விவரங்களைக் காக்கும் பொறுப்பை நிதி நிறுவனங்கள் மீது சுமத்தும் கிராம்-லீச்-பிளைலி சட்டம் 1999இல் வந்தது. நிறுவனங்கள் தமக்காக வேலை செய்வோரையும் ஒப்பந்தம் மூலம் அந்தப் பொறுப்புக்குள் கொண்டுவருகின்றன. கடன் ஆவணங்களில் கையெழுத்து வாங்கித் தரும் நோட்டரிகளிடம் பின்னணிச் சரிபார்ப்புக் கேட்பதும் இதனால்தான்.

ஆபத்து பெரும்பாலும் அச்சிடும்போதே தொடங்குகிறது. ஆவணங்கள் பிடிஎஃப் கோப்பாக வரும். நோட்டரியே அச்சிட்டு எடுத்துப்போக வேண்டும். கடைகளில் உள்ள பொது அச்சுப்பொறி இதற்கு உதவாது. அதன் நினைவகத்தில் என்ன தங்குகிறது என்பது அவர் கையில் இல்லை. சொந்த அச்சுப்பொறியிலும் பாதியில் சிக்கிய தாள், மை சரியாகப் படியாத பக்கம் ஆகியவை கசக்கிக் குப்பைக் கூடையில் போகக் கூடாது. கெட்டுப்போன பக்கத்திலும் எண்கள் தெளிவாகவே இருக்கும். குறுக்கும் நெடுக்குமாக வெட்டும் துண்டாக்கியில் அவற்றை உடனே போட்டுவிடுவதே சரி.

வழியில் காரை நிறுத்தி வேறு வேலை பார்க்கும்போது இருக்கையில் ஆவணப் பை கிடந்தால் அது திருடனுக்கு அழைப்பு. பூட்டிய பை, அதுவும் கையோடு, என்பதே அனுபவமுள்ளவர்கள் கடைப்பிடிக்கும் வழக்கம். கையெழுத்தான கட்டைக் கூரியர் பெட்டியில் போட்டுவிட்டுப் போகாமல் கவுண்டரில் கொடுத்து ரசீது வாங்குவார்கள். அடையாள அட்டையைக் கைப்பேசியில் படமெடுப்பது வசதிதான். ஆனால் அந்தப் படம் தானாகவே இணையச் சேமிப்பகத்துக்கும் குடும்பத்தின் பிற கருவிகளுக்கும் போய்ச் சேரக்கூடும்.

வேலை முடிந்து, அனுப்பிய நிறுவனம் எல்லாம் சரி என்று உறுதிசெய்ததும் கோப்பைக் கணினியின் பதிவிறக்க அடைவு, மின்னஞ்சல், குப்பைத்தொட்டி மூன்றிலிருந்தும் நீக்க வேண்டும். பின்னால் உதவும் என்று நகல் வைத்துக்கொள்ளும் பழக்கம் சிலரிடம் உண்டு. நல்ல எண்ணம்தான், ஆனாலும் தவறு. சான்றளித்ததற்குப் பதிவேடே ஆதாரம். ஆவணத்தின் நகல் தேவையில்லை.

அந்தப் பதிவேடு தனிக் கவனம் கோருவது. கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு சான்றளிப்புக்கும் தேதி, நேரம், ஆவண வகை, கையெழுத்து, அடையாள அட்டை விவரம் பதிவாக வேண்டும்; சொத்துப் பத்திரங்களுக்கும் அதிகாரப் பத்திரங்களுக்கும் கட்டைவிரல் ரேகையும் வேண்டும். ஒரு பக்கத்தில் பலரின் பதிவுகள் அடுத்தடுத்து இருப்பதால், புதியவர் கையெழுத்திடும்போது முந்தையவரின் முகவரியும் அட்டை எண்ணும் அவர் கண்முன்னே கிடக்கும். மேல் வரிகளை ஓர் அட்டையால் மூடி, அவருக்கான வரியை மட்டும் காட்டுவது எளிய, ஆனால் பலரும் மறக்கிற காரியம். டெக்சாஸ் ஒரு படி மேலே போய், அடையாள அட்டையின் எண்ணைப் பதிவேட்டில் எழுதவே தடை விதித்திருக்கிறது. அங்கே பதிவேட்டின் விவரங்களைப் பொதுமக்கள் கேட்டுப் பெறலாம் என்பதால் இது நியாயமான தடை.

கலிஃபோர்னியச் சட்டப்படி பதிவேடும் முத்திரையும் நோட்டரியின் நேரடிக் கட்டுப்பாட்டில், பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும். வேலை கொடுத்தவர் கேட்டாலும் பதிவேட்டை ஒப்படைக்கக் கூடாது; நோட்டரி வேலையை விட்டு விலகினாலும் அது அவருடையதே. வெளியார் யாரேனும் கேட்டால், தரப்பினர் பெயர், ஆவண வகை, மாதம், ஆண்டு ஆகியவற்றை எழுத்தில் குறிப்பிட்டால்தான், அதுவும் அந்த ஒரு பதிவின் நகல் மட்டும் தரப்படும். பதிவேடு தொலைந்தாலோ திருடுபோனாலோ மாநிலச் செயலருக்கு உடனே பதிவுத் தபாலில் தெரிவிக்க வேண்டும். கடன் ஆவணங்கள் தொலைந்தால், அனுப்பிய நிறுவனத்துக்கு அன்றே சொல்வது அவசியம். தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் வாடிக்கையாளர் தம் கணக்குகளை முடக்கிக் காத்துக்கொள்ளும் வாய்ப்பைக் குறைக்கிறது.

பொறுப்பு பதவிக்காலத்தோடு முடிவதில்லை. கலிஃபோர்னியாவில் பதவியைத் தொடராதவர் 30 நாட்களுக்குள் பதிவேடுகளை மாவட்ட எழுத்தர் அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். முத்திரையை அழிக்க வேண்டும். நோட்டரி இறந்துவிட்டால் பதிவேடுகளைச் சேர்ப்பது அவருடைய சட்டப் பிரதிநிதியின் கடமை.