பருந்தின் நிழல் எங்கே?

ஒடுகத்தூரில் நல்ல வெயில் நேரத்தில் அண்ணாந்து பாருங்கள். வெகு உயரத்தில் ஒரு பருந்து வட்டமிடுகிறது. தரையில் அதன் நிழலைத் தேடுங்கள், காணோம்! கூரை உயரத்தில் பறக்கும் காகத்தின் நிழலோ தெளிவாக ஓடுகிறது. பருந்தின் நிழல் எங்கே போயிற்று?

ஒரு சிறு சோதனை செய்து பார்ப்போம். வெயில் படும் சுவருக்கு அருகே ஒரு பென்சிலைப் பிடியுங்கள். நிழல் கருமையாகவும் விளிம்பு கூர்மையாகவும் இருக்கும். பென்சிலை மெல்லப் பின்னால் நகர்த்துங்கள். விளிம்பு மங்கும். ஒரு மீட்டர் தள்ளியதும் கருமை மறைந்து, வெளிறிய கறை மட்டும் மிஞ்சும்.

காரணம், சூரியன் ஒரு புள்ளியன்று. வானில் ஏறத்தாழ அரைப் பாகை அகலமுள்ள வட்டம். பென்சில் அருகில் இருக்கும்போது அந்த வட்டம் முழுவதையும் மறைக்கிறது. அங்கே விழுவது கருநிழல். விலகினால் ஒரு பகுதியை மட்டுமே மறைக்கிறது. மற்றப் பகுதியின் ஒளி வந்துவிடுகிறது. இது புறநிழல். ஒரு பொருளின் கருநிழல், அதன் அகலத்தைப்போல் சுமார் 107 மடங்கு தூரத்தில் முடிந்துவிடும். 30 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டுக்கு இது 32 மீட்டர். பருந்தின் உடல் அவ்வளவு அகலம்கூட இல்லை. ஆகவே உயரே பறக்கும் பருந்தின் கருநிழல் தரையைத் தொடுமுன்பே முடிந்துவிடுகிறது.

சரி, ஒளி தரும் பொருள் வெறும் புள்ளியாக இருந்தால்? ஒடுகத்தூருக்குத் தெற்கே, ஜவ்வாது மலைமேல் உள்ள காவலூர் வானாய்வகம் இதற்கு விடை சொல்லும். 1977 மார்ச் 10-ஆம் நாள் இரவு, யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை நெருங்கியது. காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கி அந்த விண்மீனின் ஒளியை அளந்துகொண்டிருந்தது. திடீரென ஒளி சில நொடிகள் குறைந்து, மீண்டும் கூடியது. புதிய துணைக்கோள் ஒன்று குறுக்கே வந்ததோ என்று அங்கிருந்த அறிவியலார் கருதினர். இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்த அமெரிக்க ஆய்வு விமானமோ, கோளின் இருபுறமும் ஒரே வரிசையில் ஒளி மங்குவதைக் கண்டது. மறைத்தவை யுரேனஸைச் சுற்றியுள்ள வளையங்கள்! அவற்றில் பல சில கிலோமீட்டர் அகலமே உள்ளவை.

வியப்பைப் பாருங்கள்! சில நூறு மீட்டர் உயரத்துப் பருந்தின் நிழல் நமக்கு எட்டவில்லை. சுமார் 270 கோடி கிலோமீட்டர் தொலைவிலுள்ள மெல்லிய வளையத்தின் நிழல் காவலூரில் விழுந்தது. விண்மீன் நமக்குப் புள்ளியாகத் தெரிவதே காரணம். நிழலின் கூர்மை மறைக்கும் பொருளை மட்டுமல்ல, ஒளி தரும் பொருளின் அளவையும் பொறுத்தது.

நாளை வெயிலில் உங்கள் விரலின் அகலத்தை அளந்து, அதன் கருநிழல் எத்தனை தூரத்தில் முடியும் என்று கணக்கிட்டுச் சோதியுங்கள். பார்க்க வேண்டியது சுவரைத்தான். சூரியனை நேராகப் பார்த்துவிடாதீர்கள்!