நாய்களின் தோலில் தோன்றும் கழலைகளும் அவற்றின் தரமறிதலும்

கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் முதலிய கரிசற்காட்டு ஊர்களில் ஆட்டுக்கிடைக்கும் களத்துமேட்டுக்கும் நாயே காவல் என்பது யாவரும் அறிந்ததே. கன்னி, சிப்பிப்பாறை, இராஜபாளையம் ஆகிய ஜாதிகள் இப்பிரதேசத்துக்கே உரியவை. இராஜபாளையம் நாயின் உருவம் 2005-ஆம் வருஷத்தில் இந்தியத் தபால்தலையிலும் பொறிக்கப்பெற்றது. இத்தகைய நாயின் உடலில் ஒரு கழலை எழும்பினால், அதனைக் குதிரைவால் மயிரால் இறுகக் கட்டுவதும், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடுவதும் சில இடங்களில் வழக்கமாயிருந்து வருகின்றன. இவ்வழக்கம் நாயின் உயிருக்கே கேடாய் முடியக்கூடும்.

தோலில் எழும்புவன யாவும் புற்றல்ல. இரத்தம் குடித்துப் பருத்த உண்ணியைக் கழலையென்று எண்ணி அஞ்சுவோரும் உண்டு. கருவேல் முள் தைத்த இடம் சீழ் பிடித்து வீங்கும். முதிர்ந்த நாய்களுக்கு மெத்தென்ற கொழுப்புக் கட்டி தோன்றும். ஆயினும், 'மாஸ்ட் அணுக் கழலை' என்னும் புற்று இவை அனைத்தையும் போல வேஷமிடவல்லது. ஒரு சமயம் மருவைப்போலவும், ஒரு சமயம் கொழுப்புக் கட்டியைப்போலவும் காணப்படும். ஒரு வாரம் பருத்து மறு வாரம் சுருங்குவதும் உண்டு. சுருங்கியதைக் கண்ட உடையவர், தாம் பூசிய மருந்து பலித்ததென்று வாளாவிருந்துவிடுகிறார். இவ்வணுக்களில் ஹிஸ்டமின் முதலிய பொருள்கள் மணிமணியாக நிறைந்துள்ளன. கழலையைப் பிசைந்தாலும் கட்டினாலும் சுட்டாலும் அவை வெளிப்பட்டுச் சுற்றிலும் சிவந்து வீங்கும்; சில நாய்களுக்கு இரைப்பையில் புண்ணுண்டாகி வாந்தியும் கரிய மலமும் காணும்.

கையால் தொட்டுப் பார்த்து இதனை நிச்சயிக்க எவராலும் இயலாது. கால்நடை மருத்துவர் மெல்லிய ஊசியால் சிறிது அணுக்களை எடுத்து, கண்ணாடித் தட்டில் பூசி, சாயமேற்றி உருப்பெருக்கியில் காண்பார். அம்மணிகள் சாயத்தை ஏற்று ஊதாநிறமாய்த் தெரியும். ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் 1878-இல் இவ்வணுக்களைக் கண்டறிந்ததும் சாயத்தின் உதவியாலேயே.

ஊசி, நோய் இன்னதென்று கூறுமேயன்றி அதன் கடுமையை முற்றக் கூறாது. அதற்குக் கழலையை அறுத்தெடுத்து, மெல்லிய சீவல்களாக்கிப் பார்த்தல் வேண்டும். பட்நாயக் என்பார் 1984-இல் மூன்று தரங்களை வகுத்தார். பருத்தியிற்போலவே இங்கும் முதல் தரமே நல்லது, மூன்றாவது கொடியது. இடைத்தரத்தை நிச்சயிப்பதில் நிபுணர்களே வேறுபட்டமையால், 28 நிபுணர்கள் 95 கழலைகளை ஆராய்ந்து, சாந்தம், கொடிது என்ற இரண்டே வகையை 2011-இல் வெளியிட்டனர். உருப்பெருக்கியில் 10 பார்வைப் பரப்புகளில் பிளவுபடும் அணுக்கள் 7 அல்லது மேற்படின் அது கொடிது. உட்கருவின் விகாரங்களும் இவ்வாறே கணக்கிடப்படும். அவ்வாராய்ச்சியில், கொடிய வகையுற்ற நாய்களில் பாதி நான்கு மாதத்துக்குள் இறந்தன. சாந்த வகையுற்றவற்றில் பாதிக்கு மேற்பட்டவை இரண்டு வருஷங்களைக் கடந்து ஜீவித்தன.

ஆகையால் அறுத்த கழலையைக் குப்பையில் எறிவது பெருந்தவறு. அதனை முழுமையாக, அதன் பருமனைப்போல் பத்து மடங்கு பார்மலின் நீரில் இட்டு, நாயின் வயதும் கழலையிருந்த இடமும் குறித்து, மருத்துவர் மூலம் சோதனைக்கு அனுப்புதல் வேண்டும். திருநெல்வேலியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது இப்பகுதியார்க்கு வசதியே. அறுக்கும்போது சுற்றிலும் இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் நல்ல தோலும் சேர்த்தெடுக்கப்படும். கழலை நிலக்கடலையளவில் உள்ளபோது இஃது எளிது. தொடையில் தேங்காயளவு வளர்ந்தபின் அவ்வளவு தோலுக்கு எங்கே போவது?

இனச்சேர்க்கையால் தொற்றும் கழலை வேறு. பிறப்புறுப்பில் பூக்கோசுபோல் எழும்பி இரத்தம் கசியும். நக்குவதால் மூக்கிலும் தோலிலும் பரவும். இதற்கு மேற்கண்ட தரப்பிரிவு இல்லை. வின்கிரிஸ்டின் என்னும் மருந்தை வாரம் ஒருமுறையாகச் சில வாரங்கள் மருத்துவர் நரம்பில் செலுத்தினால் பெரும்பாலும் குணமாகும். இதனைக் கண்டு நாயைக் கொல்ல வேண்டியதில்லை. ஊரில் இந்நோய் மிகுமாயின், தெருநாய்களுக்குக் கருத்தடை செய்விக்குமாறு கிராம அதிகாரிகள் ஊராட்சிக்கு எழுதுதல் நலம்.