வாசியாமல் வைக்கும் கைநாட்டு

கொழுந்து மடுவத்தில் ஏட்டில் எழுதப்படும் எடையை மட்டும் நம்பியிருப்பவருக்கு நட்டம் நேரலாம். தராசு காட்டும் எடையைத் தம் கண்ணால் பார்ப்பவருக்கு அவ்வச்சம் குறைவு. உடப்புசல்லாவைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தாய்மார் இதனை நன்கு அறிவர். கைத்தொலைபேசியில் கிரிப்டோ நாணயம் பற்றிப் படிக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும் அதே அறிவு வேண்டும்.

கிரிப்டோ நாணயம் கையில் எடுத்து எண்ணும் காசன்று. உலகெங்குமுள்ள பல கணினிகளில் ஒருசேர எழுதப்படும் பேரேட்டின் பதிவு அது. அதனைச் செலவிட ஓர் இரகசியச் சாவி வேண்டும்; அச்சாவி நீண்டதோர் எண்ணேயாம். அதனைக் கணினியில் வைத்தால் கள்வர் இணையத்தின் வழியே வந்து கவர்ந்துவிடுவர். ஆதலின் அதனைத் தனியே பூட்டிவைக்க எழுந்த சிறு கருவியே ‘ஹார்ட்வேர் வாலட்’ எனப்படும் வன்பொருட் பணப்பை. செக் நாட்டில் உருவான ‘டிரெசர்’ என்னும் கருவி 2014 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இக்கருவியைக் கணினியோடு பொருத்தி இணைய உலாவியைத் திறந்தால் நிகழ்வது என்ன? ‘இன்ன முகவரிக்கு இவ்வளவு தொகை அனுப்புக’ என்று உலாவி ஓர் ஓலை எழுதிக் கருவிக்கு அனுப்பும். கருவி அதனைத் தன் சிறு திரையில் காட்டும். நாம் பொத்தானை அழுத்தினால், உள்ளிருக்கும் சாவியால் ஒப்பமிட்டு ஓலையைத் திருப்பிவிடும். சாவி வெளியே வருவதேயில்லை.

எனினும், ஓலையை வாசியாமல் ஒப்பமிடுவோரை எந்தப் பூட்டுத்தான் காக்கும்? 2024 ஜூலை 18 அன்று, இந்தியாவின் வாசிர்எக்ஸ் நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 23 கோடி அமெரிக்க டாலர் பெறுமதியான நாணயங்கள் களவு போயின. அந்நிறுவனத்தின் சார்பில் ஒப்பமிட்டோர் வன்பொருட் பணப்பைகளையே கையாண்டனர். கணினித் திரை காட்டியது ஒன்று, ஒப்பமிடப்பட்டது வேறொன்று என்று நிறுவனம் அறிவித்தது. தம் நாணயங்களை எடுக்க இயலாத சென்னை வாடிக்கையாளர் ஒருவர் நீதிமன்றம் சென்றார். கிரிப்டோ நாணயமும் சொத்தே எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில் தீர்ப்பளித்தது.

ஆகவே சில விதிகளை மனத்திற் கொள்ளுதல் நலம். இணைய முகவரியை நாமே தட்டச்சிட வேண்டும்; பிறர் அனுப்பும் இணைப்பின் வழியே செல்லலாகாது. பெறுபவர் முகவரியையும் தொகையையும் கருவியின் திரையிலேயே சரிபார்க்க வேண்டும். அங்கே விளங்காத குறியீடுகள் மட்டும் தோன்றினால் மறுத்துவிட வேண்டும். கருவியை அமைக்கும்போது கிடைக்கும் 12 அல்லது 24 சொற்கள் சாவியின் மறுபடிவம். அவற்றைத் தாளில் எழுதிப் பூட்டிவைக்கலாம், உலாவியில் ஒருபோதும் எழுதலாகாது. வேலை முடிந்ததும் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக எண்ணவேண்டியதும் ஒன்றுண்டு. மெய்நிகர் நாணயம் சட்டமுறை நாணயமன்று, அதனை நடத்த எவருக்கும் தான் உரிமம் வழங்கவில்லை என்று இலங்கை மத்திய வங்கி 2022 ஜூலையில் எச்சரித்தது. வீட்டுச் செலவுக்குரிய பணத்தை இதில் இடுதல் தகாது.

நம் முன்னோரின் கடன் ‘துண்டு’ என்னும் தாளில் எழுதப்பட்டு, அத்தாளே அவர்களைத் தோட்டம் விட்டுத் தோட்டம் நகர்த்திய காலமும் இருந்தது. அம்முறை 1921 இல் சட்டத்தால் ஒழிந்தது. எழுத்தறியாமையால் அவர்கள் கைநாட்டு வைத்தனர். எழுத்தறிந்த நாம் வாசியாமல் பொத்தானை அழுத்தினால், அதுவும் கைநாட்டேயன்றோ?